தானியங்கித் தொலைபேசியும் சமிக்ஞைக் குறுக்கீடும்: அந்தமான் நிக்கோபார் தீவுகள் தரும் பாடம்

வங்காள விரிகுடாவில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 3,80,581 பேர். தலைநகரமான போர்ட் பிளேர் 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சென்னையிலிருந்து அந்நகரம் கடல் வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கப்பலில் செல்ல மூன்று நாட்கள் அளவில் ஆகும். தமிழ்நாட்டிலிருந்து தொழில் நாடிச் சென்ற குடும்பங்கள் பல இத்தீவுகளில் வாழ்கின்றன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதியினர் 1970களில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர்.

இத்தகைய நிலப்பகுதியில் தொலைபேசி எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல், கப்பல் புறப்படும் நேரம் அறிதல், கொப்பரை, பாக்கு ஆகியவற்றின் விலையைக் கேட்டறிதல், புயல் எச்சரிக்கையைத் தீவுக்குத் தீவு தெரிவித்தல் ஆகிய அனைத்தும் ஓர் அழைப்பு தவறின்றிச் சென்று சேர்வதைப் பொறுத்தவை. தவறிய அழைப்புக்கு மாற்றாக ஆள் அனுப்பலாம் என்னும் வசதி நிலப்பரப்பில் உண்டு. கடல் சூழ்ந்த ஊரில் அது எளிதன்று.

ஆயினும், இணைப்பகம் ஒன்றை நிறுவிவிட்ட அளவில் இப்பயன் கிட்டிவிடுவதில்லை. தானியங்கி இணைப்பகத்தில் இரைச்சல் காதுக்குத் தொல்லை தருவதோடு நிற்பதில்லை. அது இயந்திரத்துக்குப் பொய்யான கட்டளையாகவும் மாறக்கூடும். இந்தக் குறுக்கீடு எவ்வாறு தோன்றுகிறது, தீவுச் சூழலில் அது ஏன் மிகுகிறது, அதனால் விளையும் பொருளாதார இழப்பு யாது, அதனைக் களையும் வழிகள் எவை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கம்பியில் செல்லும் கட்டளை

தொலைபேசியின் தொடக்க காலத்தில் இணைப்புத் தரும் பணியை மனிதரே செய்தனர். சந்தாதாரர் தமக்கு வேண்டிய எண்ணைச் சொல்ல, இயக்குநர் அதைக் கேட்டு, உரிய துளையில் கம்பிச் செருகியைப் பொருத்துவார். கம்பியில் கரகரப்பு இருப்பின், “எந்த எண்?” என்று அவர் மீண்டும் கேட்பார். பிழை திருத்தும் அறிவு மனிதரிடம் இருந்தது.

அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் 1891இல் காப்புரிமை பெற்ற கருவி இந்நிலையை மாற்றியது. இவர் ஈமச் சடங்குப் பணிகளைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இயக்குநர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற ஐயமே இவரை இம்முயற்சிக்குத் தூண்டியதாகக் கூறப்படுவதுண்டு. இவருடைய முறையில் அமைந்த முதல் பொது இணைப்பகம் 1892இல் அந்நாட்டின் லாபோர்ட் நகரில் இயங்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் தானியங்கி இணைப்பகம் சிம்லாவில் 1913-14இல் அமைந்தது. விடுதலைக்குப் பின், 1948இல் பெங்களூரில் தோன்றிய இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை இவ்வகைக் கருவிகளை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்தது. இயக்குநரின் உதவியின்றி வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதன்முதலாக ஏற்பட்டது.

ஸ்ட்ரோஜர் முறையின் அடிப்படை எளிதானது. சந்தாதாரர் கருவியை எடுத்ததும் இணைப்பகத்தின் மின்கலத்திலிருந்து கம்பி வழியே மின்னோட்டம் பாய்கிறது. சுழல் தட்டில் 4 என்ற எண்ணைச் சுழற்றிவிட்டால், தட்டு திரும்பி வருகையில் அந்த மின்னோட்டம் நான்கு முறை துண்டிக்கப்படுகிறது. 0 என்றால் பத்து முறை. விநாடிக்குப் பத்துத் துடிப்பு என்பது பொது அளவு. ஒவ்வொரு துடிப்புக்கும் இணைப்பகத்திலுள்ள ரிலே ஒருமுறை விட்டுப் பற்றுகிறது. அதற்கேற்பத் தேர்வுக் கருவியின் கை ஒரு படி ஏறுகிறது. பேச்சு செல்லும் அதே இரு கம்பிகளில்தான் கட்டளையும் செல்கிறது என்பதை மாணவர்கள் இங்கு மனத்தில் இருத்த வேண்டும்.

இரைச்சல் கட்டளையாகும் விதம்

கம்பியின் மின்காப்பு ஈரத்தால் குறைந்தால், துடிப்பின்போது மின்னோட்டம் முழுமையாக நிற்பதில்லை. சிறிது கசிந்துகொண்டே இருக்கும். அக்கசிவு ரிலேயைப் பற்றியபடியே வைத்திருக்கும். ஒரு துடிப்பு கணக்கில் வராமல் போகும். மாறாக, துருப்பிடித்த இணைப்பு ஒன்று காற்றில் அசைந்து கணநேரம் விட்டுப் பற்றினால், இல்லாத துடிப்பு ஒன்று கூடிவிடும்.

இதன் விளைவைச் சான்று ஒன்றால் விளக்கலாம். சென்னையின் குறியீடு 044. கடைசி எண்ணில் ஒரு துடிப்பு தவறினால் அது 043 ஆகிவிடும். திருச்சிராப்பள்ளியின் குறியீடு 0431. சென்னைக்கு எண் சுழற்றியவரின் அடுத்த எண் 1 ஆக இருப்பின், அவருடைய அழைப்பு திருச்சிராப்பள்ளியை நோக்கிச் செல்லும். இயந்திரம் பழுதுபடவில்லை, பெற்ற கட்டளையை அது பிழையின்றியே நிறைவேற்றியிருக்கிறது. பெற்ற கட்டளைதான் தவறானது.

இரண்டாவது வகைக் குறுக்கீடு இணைப்பகத்தின் உள்ளேயே பிறக்கிறது. ரிலேயின் சுருளில் பாயும் மின்னோட்டம் திடீரெனத் துண்டிக்கப்படும்போது, 50 வோல்ட் அளவில் இயங்கும் சுற்றிலும் பல நூறு வோல்ட் அழுத்தம் கணநேரம் எழும். தொடுமுனைகளில் பொறி பறக்கும். அப்பொறி முனைகளை அரிப்பதுடன், அருகிலுள்ள கம்பிகளில் துடிப்பிரைச்சலைத் தோற்றுவிக்கும். ஆயிரக்கணக்கான ரிலேக்கள் ஓயாது இயங்கும் கூடத்தில் இது சிறு தொல்லையன்று. தொடுமுனைக்குக் குறுக்கே மின்தேக்கி ஒன்றையும் மின்தடை ஒன்றையும் சேர்த்துப் பொருத்தினால் இப்பொறி அடங்கும். அந்த மின்தேக்கி பழுதானால் அழைப்பு உடனே நின்றுவிடுவதில்லை. அதனாலேயே அதை மாற்றுவது தள்ளிப்போடப்படுகிறது.

மூன்றாவது வகை குறுக்குப் பேச்சு. ஒரே வடத்தில் நெருங்கிச் செல்லும் இரு சோடிக் கம்பிகளில், ஒன்றின் ஒலி மற்றொன்றில் கேட்பதே இது. ஒவ்வொரு சோடியும் முறுக்கப்பட்டு, இரு கம்பிகளும் நிலத்தைப் பொறுத்துச் சமநிலையில் இருந்தால் தூண்டப்படும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு கம்பியில் மட்டும் கசிவு ஏற்பட்டாலோ, நிலத்தொடுப்பு கெட்டாலோ இச்சமநிலை குலையும்.

நான்காவது வகை ஒலிக்குறிகளைச் சார்ந்தது. நெடுந்தொலைவுச் சுற்றுகளில் துடிப்பை அப்படியே அனுப்ப இயலாது. ஆகவே கேள் ஒலி எல்லைக்குள் அமைந்த ஒலிக்குறிகளால் கட்டளை அனுப்பப்பட்டது. அமெரிக்காவில் நெடுங்காலம் 2,600 ஹெர்ட்ஸ் ஒலி, சுற்று ஓய்வாக இருப்பதைக் குறித்தது. பேசுவோரின் குரலில் அதே அதிர்வெண் வலுவாக அமைந்துவிட்டால், உரையாடல் முடிந்ததாகக் கருதி இயந்திரம் இணைப்பைத் துண்டித்துவிடும். பிற அதிர்வெண்களும் உடன் இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் அதனைப் பேச்சென்று கொள்ளும் காவல் சுற்று ஒன்று இதற்கெனச் சேர்க்கப்பட்டது. பொத்தான் தொலைபேசியில் ஒவ்வோர் எண்ணுக்கும் 697 முதல் 1,633 ஹெர்ட்ஸ் வரையிலான எட்டு அதிர்வெண்களில் இரண்டு ஒருங்கே ஒலிப்பதற்கும் இதுவே காரணம். ஒன்று மற்றொன்றின் மடங்காக அமையாதவாறு அவை தேர்ந்தெடுக்கப்பட்டன. மனிதக் குரல் தற்செயலாக அவ்விணையை உண்டாக்குவது அரிது.

தீவுச் சூழலின் கடுமை

மேற்கூறிய குறைகள் எங்கும் உள்ளவையே. ஆனால் அந்தமானில் அவற்றை வளர்க்கும் காரணங்கள் யாவும் ஒருங்கே கூடியுள்ளன. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக் காற்றுகளாலும் மழை பெறும் இப்பகுதியில் ஆண்டு மழையளவு சுமார் 3,000 மில்லிமீட்டர். காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி மிகுந்தே இருக்கிறது. கடற்காற்றில் கலந்துள்ள உப்பு உலோகத்தை அரிக்கிறது. அதே உப்புப் படலம் ஈரத்தை ஈர்த்து, மின்காப்புப் பரப்பின்மீது கசிவுப் பாதை அமைக்கிறது. இடி மின்னல் கம்பிகளில் திடீர் மின்னழுத்தத்தைப் பாய்ச்சுகிறது. காடுகளிடையே செல்லும் கம்பிகளில் மரக்கிளை உராய்வதும் உண்டு.

இவற்றுடன் மின்சாரச் சிக்கலும் சேர்கிறது. பெருநிலத்தின் மின்வலையோடு இத்தீவுகளுக்கு இணைப்பு இல்லை. மின் உற்பத்தி பெரிதும் டீசல் இயந்திரங்களைச் சார்ந்தது. மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது மின்கல மின்னேற்றியின் வடிகட்டி சரிவர இயங்காவிடில், அதன் உறுமல் அத்தனை சந்தாதாரர் கம்பிகளிலும் ஒருசேரக் கேட்கும். உதிரி உறுப்பு ஒன்று தேவைப்பட்டால் அது கப்பலில் வந்து சேர வேண்டும். நகரத்து இணைப்பகத்தில் ஒரு நாளில் தீரும் பழுது, தொலைவுத் தீவில் வாரக்கணக்கில் நீடிப்பது இதனாலேயே.

விண்வழியும் காலத் தாழ்வும்

தீவுகளைப் பெருநிலத்தோடு இணைக்கும் முயற்சி நீண்ட வரலாறு உடையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்ட் பிளேருக்கும் பர்மியக் கரைக்கு அப்பாலிருந்த டயமண்ட் தீவுக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி நிறுவப்பட்டது. பின்னாளில் சிற்றலை வானொலிச் சுற்றுகள் பயன்பட்டன. அவற்றின் ஒலி வானிலைக்கேற்ப ஏறி இறங்கும். அவற்றின் வழியே தானியங்கிக் கட்டளைகளை நம்பி அனுப்ப இயலாது. 1983 ஆகஸ்டில் ஏவப்பட்ட இன்சாட் 1பி, நாட்டின் தொலைதூரப் பகுதிகளுக்கு நிலையான விண்வழிச் சுற்றுகளைத் தரும் அமைப்புக்கு அடித்தளமிட்டது. அதற்குப் பின் நெடுங்காலம் தீவுகளின் வெளித்தொடர்புக்குச் செயற்கைக்கோளே முதன்மை வழியாக விளங்கியது.

செயற்கைக்கோள் ஒரு துன்பத்தைப் போக்கி வேறொன்றைக் கொணர்ந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அது நிற்பதால், ஓர் ஒலி மேலே சென்று கீழே வரச் சுமார் 0.27 விநாடி ஆகிறது. மறுமொழி கிட்ட அரை விநாடிக்கு மேல் தேவை. இரு கம்பிச் சுற்று நான்கு கம்பிச் சுற்றோடு சேரும் இடத்தில் மின் சமன் சரியாக இல்லாவிடில், பேசுவோரின் குரல் அரை விநாடி கழித்து அவருக்கே எதிரொலிக்கும். இதனை அழிக்க எதிரொலி நீக்கிகள் வேண்டியிருந்தன.

இணைப்பகங்களுக்கிடையிலான கட்டளைப் பரிமாற்றத்தையும் இத்தாழ்வு பாதித்தது. பல நாடுகளில் வழங்கிய ‘ஆர் 2’ என்னும் முறையில், அனுப்பும் இணைப்பகம் ஓர் எண்ணுக்குரிய ஒலியை எழுப்பும். பெறும் இணைப்பகம் மறுமொழி ஒலி எழுப்பும். அது கேட்டதும் முதல் ஒலி நிற்கும். அது நின்றதை அறிந்து மறுமொழியும் நிற்கும். அதன் பின்னரே அடுத்த எண் தொடங்கும். ஓர் எண்ணுக்கு நான்கு ஒருவழிப் பயணங்கள். விண்வழியில் இதற்கு ஒரு விநாடிக்கு மேலாகும். பத்து எண்களுக்குப் பத்து விநாடிக்கு மேல். தரைவழியில் பிழையைத் தடுக்கப் பெரிதும் உதவிய ஒரு முறை, விண்வழியில் நேரத்தை விழுங்கும் முறையாயிற்று. காத்திருக்கும் சந்தாதாரர் இணைப்பு கிட்டவில்லை என்று கருதிக் கருவியை வைத்துவிடுவார். மீண்டும் எண் சுழற்றுவார்.

இயற்கையும் தன் பங்குக்குக் குறுக்கிடுகிறது. மார்ச் மாதத்தை ஒட்டியும், செப்டம்பர் அக்டோபர் மாதங்களை ஒட்டியும், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னே வரும் நாட்கள் சில உண்டு. அந்நாட்களில் சில நிமிடங்கள் சூரியனின் வானொலி இரைச்சல் சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். இது முன்கூட்டியே கணிக்கத்தக்கது, தவிர்க்க இயலாதது.

தவறிய அழைப்பின் விலை

பொருளாதார மாணவர் கருத வேண்டிய கூறு இங்கு எழுகிறது. தவறிய அழைப்புக்குக் கட்டணம் இல்லாதிருக்கலாம், செலவு இல்லாதிருப்பதில்லை. முடியும்வரை அதுவும் ஒரு சுற்றைப் பிடித்துவைத்திருக்கிறது.

கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். ஒரு தீவுக்கு 12 சுற்றுகள் உள்ளன. நெரிசலான ஒரு மணி நேரத்தில் கிடைப்பவை 720 சுற்று நிமிடங்கள். வெற்றி பெறும் அழைப்பு 3 நிமிடமும், தவறும் அழைப்பு அரை நிமிடமும் சுற்றைப் பிடிக்கின்றன எனக் கொள்வோம். இரண்டு முயற்சிகளில் ஒன்று வெற்றி பெற்றால், ஒரு வெற்றிக்கு ஆகும் நேரம் 3.5 நிமிடம், மணிக்கு ஏறத்தாழ 205 உரையாடல்கள் நடைபெறலாம். நான்கு முயற்சிகளில் ஒன்றே வெற்றி பெற்றால், ஒரு வெற்றிக்கு 4.5 நிமிடம் ஆகும்; உரையாடல்கள் 160 ஆகக் குறையும். அதாவது 12 சுற்றுகளைக் கொண்டு, ஒன்பது அல்லது பத்துச் சுற்றுகளின் பயனே பெறப்படுகிறது.

எஞ்சிய சுற்றுகளை ஈடுசெய்யப் புதிய விண்வழிச் சுற்றுகளை வாடகைக்கு எடுக்கலாம். ஈரம் புகுந்த வடப் பெட்டியை உலர்த்தலாம், தொடுமுனையைத் துடைக்கலாம், மின்தேக்கியை மாற்றலாம். இரண்டாவது வழியின் செலவு மிகக் குறைவு. ஆயினும் திட்ட ஆவணங்களில் புதிய சுற்று தனிப் பெருமூலதனமாக இடம் பெறுகிறது. பராமரிப்போ ஆண்டுச் செலவுத் தலைப்பில் அடங்கிச் சிக்கனத்துக்கு முதலில் இலக்காகிறது.

தீர்வுகள் வளர்ந்த முறை

சூழலுக்குப் பொருந்தாத கருவி எத்துணைச் சிறந்ததாயினும் பயன் தராது என்பதை நாடு 1960களிலேயே கண்டது. ஐரோப்பியத் தொழில்நுட்பத்தில் அமைந்த கிராஸ்பார் இணைப்பகங்கள், நம் நகரங்களில் ஒரு தொலைபேசியைப் பலர் பயன்படுத்தியதால் எழுந்த நெரிசலைத் தாங்கவில்லை. அவற்றை இந்திய நிலைக்கேற்ப மாற்றியமைக்க வேண்டியிருந்தது. இப்பட்டறிவுக்குப் பின், 1984இல் தொடங்கப்பெற்ற தொலைத்தொடர்பு வளர்ச்சி மையமான சி-டாட், கிராமப்புறங்களுக்கென 128 முனைகள் கொண்ட சிறு மின்னணு இணைப்பகத்தை வடிவமைத்தது. 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் அது முதன்முதலாக நிறுவப்பட்டது. குளிர்சாதனம் இன்றியே இயங்கியது அதன் சிறப்பு.

மின்னணு இணைப்பகத்தில் பொறி பறக்கும் தொடுமுனைகள் வெகுவாகக் குறைந்தன. பேச்சு விநாடிக்கு 8,000 முறை அளவிடப்பட்டு எண்களாக மாற்றப்படுவதால், வழியில் சேரும் சிறு இரைச்சல் குவிவதில்லை. புதுச் சிக்கல் ஒன்றும் பிறந்தது. இரு இணைப்பகங்களின் கடிகைகள் மிகச் சிறிதளவு வேறுபட்டாலும், சில வேளை ஓர் அளவீடு விடுபடும் அல்லது இருமுறை வரும். பேச்சில் அது ஒரு சிறு சொடுக்கு. தொலைநகலிலோ எழுத்துச் சிதைவு. செயற்கைக்கோள் தன் இடத்தில் நாள்தோறும் சற்று அசைவதால் பாதையின் நீளமும் மாறுகிறது. அதனை ஈடுசெய்யத் தற்காலிகச் சேமிப்பு நினைவகம் தேவைப்பட்டது.

யாவற்றினும் முக்கியமான மாற்றம், கட்டளையைப் பேச்சிலிருந்து பிரித்ததாகும். ‘பொது வழிச் சமிக்ஞை எண் 7’ என்னும் முறையில், பல நூறு சுற்றுகளுக்குரிய கட்டளைகள் தனி வழியொன்றில் செய்திகளாகச் செல்கின்றன. ஒவ்வொரு செய்தியிலும் பிழையறியும் எண் உண்டு. சிதைந்த செய்தி மீண்டும் கேட்டுப் பெறப்படுகிறது. மனித இயக்குநர் “எந்த எண்?” என்று மறுபடி கேட்ட அந்த அறிவு, இவ்வாறு இயந்திரத்துக்கும் வாய்த்தது.

கடலடி வடமும் மாற்று வழியும்

2020 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னைக்கும் அந்தமான் நிக்கோபாருக்கும் இடையிலான கடலடி ஒளியிழை வடம் தொடங்கிவைக்கப்பட்டது. இதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேருடன் ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகியவற்றை இது இணைக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி செல்வதால் மின்னலும் ரிலேப் பொறியும் அதில் குறுக்கிட இயலாது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குச் சமிக்ஞை செல்ல விநாடியின் நூறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

எனினும் சிக்கல் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. வடத்தின் இரு முனைகளிலும் உள்ள கருவிகளுக்கு மின்சாரமும் நிலத்தொடுப்பும் வேண்டும். கரையிலிருந்து வீடுவரை செல்லும் வழி அதே ஈரக் காற்றில்தான் செல்கிறது. மேலும், இப்பகுதி நிலநடுக்க அபாயம் மிகுந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாளின் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நிக்கோபார் தீவுகளின் தொடர்பைத் துண்டித்தபோது, வேறொரு பணிக்காகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்த தேசிய அமெச்சூர் வானொலிக் கழகக் குழுவினரின் சிற்றலைக் கருவிகள் பலருக்குச் செய்தி சேர்க்க உதவின. பழமையானதென்று ஒதுக்கப்பட்ட வழியே அன்று கைகொடுத்தது. ஆகவே வடம் வந்த பின்னும் செயற்கைக்கோள் சுற்றுகளையும் வானொலிக் கருவிகளையும் இயங்கு நிலையில் வைத்திருப்பது வீண் செலவாகாது.

முடிவுரை

ஒரு நூற்றாண்டுக் கால வளர்ச்சியை நோக்கின் இரு உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, ஒவ்வொரு புதிய தொழில்நுட்பமும் பழைய குறுக்கீட்டை நீக்கித் தனக்கே உரிய புதிய குறுக்கீட்டைக் கொணர்கிறது. எனவே கருவி வாங்கும்போதே அதன் பராமரிப்பையும் திட்டமிட வேண்டும். இரண்டாவது, தொலைபேசி வளர்ச்சியை இணைப்புகளின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது. நூறு முயற்சிகளில் எத்தனை அழைப்புகள் உரியவரைச் சென்றடைந்தன என்பதும் ஆண்டறிக்கைகளில் தீவுவாரியாக இடம்பெற வேண்டும்.

உப்புக் காற்றில் நிற்கும் ஒரு சிறு இணைப்பகத்தில் தொடுமுனையைத் துடைத்து, நிலத்தொடுப்பை அளந்து, பதிவேட்டில் குறிக்கும் தொழில்நுட்பப் பணியாளரின் வேலை எந்தத் திறப்பு விழாவிலும் பேசப்படுவதில்லை. கச்சாலிலிருந்து மருத்துவரை அழைக்கும் ஒருவரின் குரல் சரியான இடத்தில் ஒலிப்பது அவ்வேலையைப் பொறுத்தே இருக்கிறது. தீவுகளுக்கான திட்டங்களை வகுப்போர் அப்பணிக்குரிய ஆட்களையும் உதிரி உறுப்புகளையும் முதலிலேயே ஒதுக்கிவைப்பது நலம்.